கையேடா, உதிரிப்பாகமா: சுங்கை சிப்புட்டில் ஒரு 486 கணினியின் மேம்பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்துப் படிப்பகம் ஒன்றின் பின்னறையில், மேசைக்கடியில் கிடந்தது 1990களின் அந்த 486 கணினி. பக்கத்துத் தோட்ட ஆபீசில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு) போட்ட பெட்டி அது. பால்மரம் செம்பனையாகி, தோட்டமும் கைமாறி, ஆபீசைக் காலி செய்தபோது பெசி புரோக் (பழைய இரும்பு) லாரியில் ஏறாமல் இங்கே வந்து சேர்ந்தது. பிறகு சில ஆண்டுகள் படிப்பகத்தின் ஆண்டு மலரைத் தட்டச்சு செய்யவும் உதவியது.

உள்ளே இருந்தவை: இன்டெல் டிஎக்ஸ்2 66 மெகாஹெர்ட்ஸ் சிபியு, 72 பின் ரேம் 4 எம்பி வீதம் இரண்டு, 420 எம்பி ஹார்ட் டிஸ்க், வீசா லோக்கல் பஸ் என்ற அக்காலத்து ஸ்லாட் வகையில் வீடியோ கார்டும் ஐஓ (உள்ளீட்டு வெளியீட்டு) கார்டும். டாஸ் 6.22, அதன்மேல் விண்டோஸ் 3.1. டிஸ்கில் இருந்த சரக்குதான் முக்கியம். டாஸில் ஓடும் செக்ரோல் நிரலும் அதன் கணக்குக் கோப்புகளும் ஒரு பக்கம். 1980களின் நடுவில் முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருளில் தட்டிய தமிழ்க் கோப்புகள் இன்னொரு பக்கம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீடு என்பதால் இன்றைய கணினியில் அப்படியே திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

கையில் இருந்த பணம் 300 வெள்ளி (ரிங்கிட்). படிப்பகச் செயலாளர் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). அவர் கேட்டது எல்லாரும் கேட்பதுதான்.

"தம்பி, சிபியுவ மாத்திட்டா நல்லா வேகமா ஓடுமில்ல? ரேமையும் நாலு மடங்கா போட்டுடு."

"ஓடும் ஐயா. ஆனா இது என்ன மதர்போர்டுன்னே இன்னும் தெரியல. தெரியாம சிபியு வாங்கினா, போட்ட அன்னிக்கே சூடேறிச் செத்துடும்."

ஆக, முன்னால் இருந்தவை இரண்டு பட்டியல்கள். முதலாவது முழுக்கப் பாகங்கள்: 133 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி 5எக்ஸ்86 சிபியு, 32 எம்பி ரேம், 4 ஜிபி காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு. மொத்தப் பணமும் இதிலேயே போய்விடும். இரண்டாவதில் பாதிக்கு மேல் காகிதமும் கருவியும்: போர்டின் கையேட்டு நகல், ஜம்பர் (போர்டின் அமைப்பை மாற்றும் குட்டி இணைப்பி) அட்டவணை, சில சிப்புகளின் டேட்டாஷீட் (தொழில்நுட்ப விவரத்தாள்), ஒரு போஸ்ட் கார்டு (தொடங்கும்போது வரும் கோளாறை எண்ணால் காட்டும் சோதனை அட்டை), ஒரு மல்டிமீட்டர். பாகங்கள் அதற்குப் பிறகு, தேவை தெரிந்தால் மட்டும். இரண்டாவது பட்டியலே எடுக்கப்பட்டது. அந்த முடிவு எங்கே பலித்தது, எங்கே அதுவும் போதவில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

கையேடு இல்லாமலே செய்ய வேண்டியது

ஒரு வேலைக்கு மட்டும் எந்த வழிகாட்டிக்கும் காத்திருக்கக் கூடாது. போர்டில் நீலமோ பச்சையோ நிறத்தில் பீப்பாய் வடிவில் இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை வெட்டி எடுப்பதுதான் அது. மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்ய வேண்டும். கசியும் திரவம் காரத்தன்மை கொண்டது. பேட்டரி பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முதலில் அரிபடுவது கீபோர்டுக்கான செம்புக் கோடுகள்.

இந்தப் பெட்டியில் பேட்டரியின் ஒரு முனை வெளுத்துப் பூத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு பெருவிரல் அகலத்துக்குப் பச்சைப் பூஞ்சைபோல் படிவு. கார்டுகள் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் இடுக்கில் மூன்று பல்லி முட்டை ஓடுகள் வேறு. பேட்டரியைக் கட்டரால் வெட்டி எடுத்த பிறகு, படிந்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை. பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு நாள் முழுக்க உலர்த்தல். எலுமிச்சைச் சாறும் காரத்தை முறிக்கும்தான். ஆனால் அதிலிருக்கும் சர்க்கரைப் பிசுக்கு எறும்பை அழைத்து வரும். தோட்டப்புறத்தில் எறும்புக்கு அழைப்பே தேவையில்லை.

அடுத்தது பவர் சப்ளை. ஏடி வகை சப்ளையின் இரண்டு பிளக்குகளைப் போர்டில் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும், அதற்கு மறுபேச்சு இல்லை. போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு செத்த ஹார்ட் டிஸ்கைச் சுமையாகக் கொடுத்து அளந்தார்கள். 5 வோல்ட் வழியில் 4.75 முதல் 5.25 வரையும், 12 வோல்ட் வழியில் 11.4 முதல் 12.6 வரையும் ஏற்கலாம். சுமையே இல்லாமல் அளந்தால் பல பழைய சப்ளைகள் ஓடவே ஓடாது, அல்லது தவறான எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து நல்ல சப்ளையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: முகப்பிலுள்ள ஆன் சுவிட்ச் வரைக்கும் 240 வோல்ட் நேரடியாக வருகிறது. அதற்கு வரும் நான்கு வயர்களின் முனை உறை கழன்றிருந்தால் புதிதாக மூடாமல் பிளக்கைச் செருகக் கூடாது.

போர்டு யாருடையது

முகப்பில் சிவப்பாக ஒளிரும் 66 என்ற எண் எதையும் அளப்பதில்லை. அதன் பின்னாலுள்ள குட்டி ஜம்பர்களை மாற்றினால் 99 என்றும் காட்டும். போர்டை அடையாளம் காண நம்பகமான வழி பயாஸ் (கணினியைத் தொடக்கும், போர்டிலேயே பதிந்த நிரல்) காட்டும் எண்வரிசை. கணினி ரேமை எண்ணிக்கொண்டிருக்கும்போது திரையின் அடியில் அது சில நொடி தெரியும். கீபோர்டின் பாஸ் (Pause) பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். கீபோர்டைச் செருகாமலே தொடக்கினால் பல பயாஸ்கள் கீபோர்டு பிழை என்று அங்கேயே நின்றுவிடும், நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏஎம்ஐ கம்பெனியின் பயாஸ் என்றால் 40 என்று தொடங்கி, கோடுகளால் பிரித்த நீளமான எண்வரிசை வரும். அதன் மூன்றாவது தொகுதி தயாரிப்பாளரின் எண். அவார்ட் கம்பெனியின் பயாஸில் தேதிக்குப் பின்னால் வரும் குறியீட்டின் முதல் ஐந்து எழுத்து சிப்செட்டையும் (போர்டின் முதன்மைச் சிப்புகளின் தொகுப்பு), அடுத்த இரண்டு தயாரிப்பாளரையும் சொல்லும். இந்தக் குறியீட்டையும், போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணையும், பெரிய சிப்புகளின் மேல் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு டோட்டல் ஹார்ட்வேர் 99 போன்ற ஜம்பர் தொகுப்புகளில் தேடினால், பெரும்பாலான 486 போர்டுகளுக்கு ஒரு பக்கப் படமும் அட்டவணையும் கிடைத்துவிடும். முழுக் கையேட்டின் ஸ்கேன் சில நேரம் இணையக் காப்பகத்தில் இருக்கும்.

இந்தப் போர்டுக்கு 38 பக்கக் கையேடு கிடைத்தது. பட்டணத்து நகல் கடையில் பக்கம் 20 காசு, மொத்தம் 7 வெள்ளி 60 காசு. இந்த வேலையில் மிக மலிவாக வந்த பொருள் அதுதான்.

முதலில் அது கை கொடுத்தது கீபோர்டு விஷயத்தில். சுத்தம் செய்த போர்டு உயிர்பெற்றது, ஆனால் ஆறு முறை பீப் அடித்து நின்றது. பயாஸ் எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாமல் பீப் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அவார்டில் ஒரு நீளமும் இரண்டு குறுக்கமும் வந்தால் வீடியோ கோளாறு. ஏஎம்ஐயில் வீடியோ நினைவகக் கோளாறுக்கு எட்டு பீப். அதே ஏஎம்ஐயில் ஆறு என்றால் 8042 கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம் சிக்கல். இங்கே இருந்தது ஏஎம்ஐ. பீப்பை மட்டும் கேட்டு வீடியோ கார்டு வாங்கியிருந்தால் 60, 70 வெள்ளி வீண்.

கீபோர்டு சாக்கெட்டின் ஐந்து பின்களில் 1 கடிகாரத் துடிப்பு, 2 தரவு, 4 தரை, 5 என்பது 5 வோல்ட். மல்டிமீட்டரில் 5ஆம் பின்னில் மின்னழுத்தம் சரியாக வந்தது. வராமல் இருந்திருந்தால் ரெசிஸ்டர்போல் தோன்றும் சின்ன ஃபியூஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினி ஓடும்போதே கீபோர்டைப் பிடுங்கிச் செருகினால் எரிவது அதுதான். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடர்ச்சி பார்த்ததில், கடிகாரத் துடிப்புக் கோடும் 8042 சிப்பின் ஒரு கோடும் பேட்டரி இருந்த இடத்தில் அறுந்திருந்தன. முடிபோல மெல்லிய வயர் இரண்டைப் போர்டின் அடிப்பக்கம் ஓட்டிப் பற்றவைத்தார்கள். பீப் நின்றது. சிப்பை மாற்றத் தேவைப்படவில்லை.

கையேடு சொன்னதும் போர்டில் இருந்ததும்

செயலாளர் விரும்பிய சிபியு மேம்பாடு இங்கேதான் முட்டி நின்றது. இந்த ஆய்வில் நிதானித்துப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

1992இல் வந்த டிஎக்ஸ்2 66 சிபியு 5 வோல்ட்டில் ஓடுகிறது. 1994இன் இன்டெல் டிஎக்ஸ்4 100 சிபியுவுக்கும், 1995இன் ஏஎம்டி 5எக்ஸ்86 133க்கும் 3.3 முதல் 3.45 வோல்ட் போதும். 5 வோல்ட்டில் வைத்தால் சில நிமிடம் ஓடுவதுபோல் ஓடி, கொதித்து, செத்துவிடக்கூடும். கையேட்டின் 14ஆம் பக்கம் தெளிவாகவே சொல்லியது: இந்த மூன்று ஜம்பர்களை 2-3இல் வைத்தால் 3.45 வோல்ட். போர்டிலும் மூன்று ஜம்பர்கள் அதே இடத்தில், அதே எண்ணுடன் இருந்தன.

ஆனால் கையேட்டுப் படத்தில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வெப்பத் தகட்டுடன் நிற்கும் மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று வரையப்பட்டிருந்தது. போர்டில் அந்த இடம் காலி. மூன்று துளை, வெள்ளை மையில் அச்சிட்ட ஒரு கட்டம், அவ்வளவுதான். துளைகளில் ஈயம்கூடப் படவில்லை. போர்டின் ஓரத்தில், ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் பதிப்பு 1.1 என்று இருந்தது. கையேட்டின் பின்னட்டையில் பதிப்பு 2.0. ஒரே மாடல், ஒரே ஜம்பர் எண்கள். முதல் பதிப்பில் ரெகுலேட்டரைப் பொருத்தாமலே விற்றிருக்கிறார்கள்.

சிபியுவைக் கழற்றிவிட்டு ஜம்பர்களைக் கையேடு சொன்னபடி மாற்றி, சாக்கெட்டின் மின்சாரப் பின்களை அளந்தபோது 5.04 வோல்ட். ரெகுலேட்டர் பொருத்திய போர்டாக இருந்திருந்தால் அதன் முதுகுத் தகட்டிலேயே அளந்திருக்கலாம். இவ்வகை நேரியல் ரெகுலேட்டர்கள் பலவற்றில் அந்தத் தகடுதான் வெளியீடு. எப்படியானாலும் புதிய சிபியுவைக் கையில் எடுப்பதற்கு முன் அளந்துவிட வேண்டும்.

கையேட்டை நம்பிப் பாகம் வாங்கியிருந்தாலும், கையேடே இல்லாமல் வாங்கியிருந்தாலும் கதி ஒன்றுதான். சிபியுவைக் காப்பாற்றியவை ஒரு வெற்று இடமும் 30 வெள்ளி மல்டிமீட்டரும். கையேடு இல்லாதிருந்தால் எந்த இடம் வெற்றாக இருக்கிறது என்று கண்ணில் பட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாற்று வழிகள் உண்டு. சிபியுவுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அமரும், தன்னிடமே ரெகுலேட்டர் கொண்ட இடைத்தட்டு ஒன்று. இன்டெல் தானே விற்ற டிஎக்ஸ்4 ஓவர்டிரைவ் இன்னொன்று. அதற்கு உள்ளேயே மின்னழுத்தக் குறைப்பு இருப்பதால் 5 வோல்ட் சாக்கெட்டில் நேராக உட்காரும். இரண்டுக்கும் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவதால் விலை ஏறிக்கிடக்கிறது. காலித் துளையில் ரெகுலேட்டரை நாமே பற்றவைக்கலாமே என்று தோன்றும். தொடர்புடைய ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும்கூட விடுபட்டிருக்கும், அவற்றின் மதிப்பு கையேட்டில் இருக்காது. இரண்டாம் பதிப்பு போர்டு ஒன்று பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

முடிவு: டிஎக்ஸ்2 அப்படியே இருக்கட்டும். வெளிப் பஸ் எப்படியும் 33 மெகாஹெர்ட்ஸ்தான். 66இலிருந்து 100க்குப் போனால் கணக்கிடும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், டிஸ்கும் திரையும் அதே வேகத்தில் இருக்கும். செக்ரோல் நிரல் காத்திருப்பது டிஸ்குக்காக. இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை சிபியு மாற்றம் வெறும் ஆசை.

ரேம்: எண்ணைப் படித்து வாங்குவது

ரேமுக்குப் பழைய கடைக்காரர்கள் சொல்லும் பெயர் சிம். தொலைபேசி சிம் கார்டு என்று நினைத்து முழிக்க வேண்டாம். 486இன் தரவு வழி 32 பிட் அகலம். 30 பின் ரேம் ஒன்று 8 பிட்தான் தரும், எனவே நான்கு நான்காகப் போட வேண்டும். 72 பின் ரேம் ஒன்றே 32 பிட் தரும், ஒற்றையாகவும் போடலாம்.

ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையிலும் இணையக் கடைகளிலும் 72 பின் ரேம் கிடைக்கிறது. சிக்கல் வகையில்தான். இந்தப் போர்டின் கையேடு எஃப்பிஎம் என்ற பழைய வகையை மட்டுமே சொல்கிறது. சந்தையில் அதிகம் கிடைப்பதோ பென்டியம் காலத்து ஈடிஓ வகை. பல 486 போர்டுகள் ஈடிஓவை ஏற்பதில்லை: தொடங்காது, அல்லது தொடங்கி, சற்று நேரம் கழித்துக் கோப்புகளைக் கெடுக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. விற்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சிப்பின் மேலுள்ள எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 417400 போல 0இல் முடிந்தால் பெரும்பாலும் எஃப்பிஎம். 4, 5, 9 என்று முடிந்தால் பெரும்பாலும் ஈடிஓ. சந்தேகம் இருந்தால் அந்த எண்ணின் டேட்டாஷீட்டை எடுத்து முதல் பக்கத்தைப் படித்துவிடலாம், பத்து நிமிட வேலை. ஓரத்தில் 6 அல்லது 60 என்றால் 60 நானோநொடி, 7 அல்லது 70 என்றால் 70. 33 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு இரண்டும் போதும்.

8 எம்பி வீதம் இரண்டு, மொத்தம் 16 எம்பி வாங்கிப் போட்டார்கள். முதல் தொடக்கத்திலேயே பாரிட்டி பிழை என்று நின்றது. பழைய ரேமில் பாரிட்டி சிப் (தரவில் பிழை உண்டா என்று சோதிக்க உதவும் கூடுதல் சிப்) இருந்தது, புதியதில் இல்லை. பயாஸில் பாரிட்டி சோதனையை அணைத்ததும் சரியானது. இது தெரியாதவர்கள் நல்ல ரேமைக் கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

64 எம்பி போடலாமே என்ற கேள்வியும் வந்தது. போர்டில் 256 கேபி கேஷ் (சிபியுவுக்கான வேக நினைவகம்) இருக்கிறது. 8 பிட் டேக் (எந்த ரேம் முகவரி என்று குறிக்கும் பகுதி) கொண்ட போர்டில் அது எழுதும் முறையைப் பொறுத்து 64 எம்பி வரையோ 32 எம்பி வரையோதான் கேஷ் செய்யும், அதற்கு மேலுள்ள ரேம் வேகத்தைக் குறைக்கும். விண்டோஸ் 3.1க்கு 16 எம்பி தாராளம். 1990களின் நடுவில் சில மலிவு 486 போர்டுகளில் கேஷ் சிப் என்ற பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றவைத்து விற்றதும் உண்டு. அவற்றின் கையேடும் 256 கேபி என்றுதான் சொல்லும். கேஷ்செக் என்ற டாஸ் நிரலை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே சிப்புகள் நிஜமானவை.

சாக்கெட்டின் பிளாஸ்டிக் காதுகள் இந்த வயதில் அப்பளம்போல் உடையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகத்தால் விலக்கி, ரேமைச் சாய்த்து எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது.

டிஸ்க்: சிலிண்டர் கணக்கு

பேட்டரியை எடுத்ததும் பயாஸ் அமைப்புகள் மறைந்துவிட்டன. ஹார்ட் டிஸ்கின் அளவுகளும் அவற்றோடு போயின. டிஸ்கின் மேலுள்ள லேபிளில் 826 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் என்று இருந்தது. பயாஸின் டிஸ்க் பட்டியலில் நாமே நிரப்பும் 47ஆம் வகையில் அந்த எண்களைத் தட்டினால்தான் பழைய கோப்புகள் வரும். தவறான எண்ணில் தொடங்கினால் இயங்குதளம் இல்லை என்று சொல்லும். அதற்கு மேல் போய் எழுதவும் செய்தால், இருக்கிற தரவின்மேல் எழுதிவிடும். லேபிள் கிழிந்த டிஸ்க் என்றால் மாடல் எண்ணை வைத்து டிஸ்க் அட்டவணையில் தேட வேண்டும்.

மேம்பாட்டுக்கு முன் நகல். யூஎஸ்பி மாற்றியில் மாட்டிப் பார்த்தபோது டிஸ்க் தெரியவே இல்லை. எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் அழைக்கும் முறை) இல்லாத பழைய டிஸ்குகளைப் பல யூஎஸ்பி மாற்றிகள் அறியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஐடிஇ சாக்கெட் உள்ள பென்டியம் 4 காலத்துப் போர்டு ஒன்றில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ நிரல் கொண்டு முழு நகல் எடுத்தார்கள்.

அடுத்து, அதே டிஸ்கில் ஓடுவதா, காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு மாறுவதா? இந்தக் காலத்துப் பயாஸ்களின் எல்லை 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர். பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேலுள்ள கார்டு வேண்டுமென்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரலை ஒரு ஈப்ராம் சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருக வேண்டும். நல்ல வழிதான். ஆனால் சிப், எழுதும் கருவி, கார்டு என்று மூன்று பொருள் சேர்ந்துவிடுகிறது. 512 எம்பி கார்டு ஒன்று வாங்கினால் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். 993 சிலிண்டர், 16, 63 என்று காட்டிய கார்டு 51,24,83,328 பைட். 420 எம்பிக்குள் எல்லாச் சரக்கும் இருந்த பெட்டிக்கு 4 ஜிபி எதற்கு? பயாஸ் எல்லையைப் பற்றிப் படித்த அரைப் பக்கம் மிச்சப்படுத்தியது நூறு வெள்ளிக்கு மேல்.

கார்டை டாஸின் எஃப்டிஸ்க் நிரலில் பிரித்து, பகிர்வை ஆக்டிவ் ஆக்கி, எஸ் சுவிட்ச்சுடன் ஃபார்மேட் செய்தார்கள். கேமராவில் கிடந்த கார்டு என்பதால் தொடக்கப் பகுதி காலியாக இருந்தது. எம்பிஆர் சுவிட்ச்சுடன் எஃப்டிஸ்க்கை இன்னொரு முறை ஓட்டியதும் எழுந்தது.

கோப்புகளை டாஸின் நகல் நிரலான எக்ஸ்காப்பியில் மாற்றியபோது இரண்டு தடங்கல். டாஸ் 6.22இன் எக்ஸ்காப்பி மறைந்த கோப்புகளை எடுக்காது. விண்டோஸின் நிரந்தர ஸ்வாப் கோப்பு மறைந்த கோப்பு. விண்டோஸ் அது கெட்டுவிட்டது என்று புலம்பியது, அணைத்துவிட்டுப் புதிதாக அமைத்தால் போதும். செக்ரோல் நிரலோ திறக்க முடியாத கோப்பு என்று சொல்லி வெளியேறியது. புதிதாக எழுதிய கான்ஃபிக் கோப்பில் ஃபைல்ஸ் என்ற வரி விடுபட்டிருந்தது. ஒரே நேரத்தில் பல கணக்குக் கோப்புகளைத் திறக்கும் நிரலுக்கு இயல்பான எண்ணிக்கை போதாது. 50 என்று போட்டதும் ஓடியது.

தமிழ்க் கோப்புகளில் பலர் செய்யும் தவறு வேறு. ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 3.1இல் எழுத்துருக் கோப்புகள் விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம் என்ற உள்ளடைவில் இருக்கும். அவற்றையும் சேர்த்து எடுத்தால்தான் பின்னொரு நாள் யூனிகோடுக்கு மாற்றும்போது எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒப்பிட முடியும்.

கடிகாரத்துக்குப் பேட்டரி

போர்டில் வெளிப் பேட்டரிக்கான நான்கு பின் இணைப்பு இருந்தது. கையேட்டின்படி 1 நேர்மறை, 4 தரை, பக்கத்திலுள்ள ஜம்பரை வெளிப்பேட்டரிக்கு மாற்ற வேண்டும். ஏஏ பேட்டரி மூன்று போடும் பெட்டி 4.5 வோல்ட், நடுவே ஒரு சிலிக்கான் டயோடு 0.7 குறைக்க மீதி 3.8. டயோடை விட்டுவிட்டால் சில போர்டுகள் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். அப்போது அது கசியலாம், வெடிக்கவும் கூடும். பெட்டியைக் கேஸின் அடியில், போர்டிலிருந்து தள்ளி ஒட்டினார்கள். தீபாவளிக்குத் தீபாவளி மாற்றுவது என்று அதன்மேல் மார்க்கரில் எழுதியாயிற்று.

எந்த வழிகாட்டி எதற்கு

போர்டின் சொந்தக் கையேடு ஜம்பருக்கும் ரேம் வகைக்கும் முதல் ஆதாரம், பதிப்பு எண் பொருந்தும்வரை. ஜம்பர் தொகுப்புகள் அதற்கு அடுத்தவை. அவற்றில் அச்சுப் பிழை உண்டு, அதனால் மின்னழுத்தத்தை மட்டும் அளந்தே நம்ப வேண்டும். டேட்டாஷீட் பொய் சொல்லாது, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தரும். கணினிப் பழுதுபார்ப்பு பற்றிய தடிப்புத்தகம் வாங்குவதென்றால் 1994 முதல் 1996க்குள் வந்த பதிப்பைத் தேடுங்கள். புதிய பதிப்புகளில் 30 பின் ரேமும் வீசா பஸ்ஸும் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டன, பழையது மலிவாகவும் கிடைக்கும். காணொளிகள் பற்றவைக்கும் கையசைவைக் கற்க உதவும். ஜம்பரைக் காணொளி பார்த்து வைக்கக் கூடாது, அவர் கையில் இருப்பது வேறு பதிப்பு.

மொத்தச் செலவு 200 வெள்ளியைத் தாண்டவில்லை: ரேம், கார்டு, மாற்றி, மல்டிமீட்டர், போஸ்ட் கார்டு, சில்லறை. போஸ்ட் கார்டைப் பயன்படுத்தவே நேரவில்லை. பீப்பே போதுமானதாக இருந்தது. அதை முதலில் வாங்கியது தேவையற்ற அவசரம் என்றே சொல்ல வேண்டும். கையேட்டு நகல் பிளாஸ்டிக் உறையில் போட்டு கேஸுக்குள் செருகப்பட்டிருக்கிறது. 14ஆம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "பதிப்பு 1.1இல் ரெகுலேட்டர் இல்லை, 5 வோல்ட் மட்டும்" என்ற குறிப்பு. இடி மழைக்கு முன் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று மேசையில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறது.

மீதியிருப்பது ஒரு பிஸ்கட் டின் நிறைய 1.44 எம்பி ஃபிளாப்பிகள். அவற்றைச் செருகுவதற்கு முன் ஒவ்வொன்றின் உலோக மூடியையும் விலக்கி, உள்ளிருக்கும் வட்டத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் சாம்பல் புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி ஒன்றைப் போட்டால் டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறிவிடும். புள்ளி உள்ளவை தனி டின்னில் இருக்கின்றன, அவற்றைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இன்னும் ஒரு போத்தல் வாங்க வேண்டும்.